ஒரு கை கட்டையான சிலுவை

பேர் எழுதலாம், படிப்பு எழுதலாம், நோயாளரைப் பாக்கிற நேரம் எழுதலாம். கீழ ரெலிபோன் நம்பரும் வடிவாப் போட்டுத் தருவன். ஆனா பிள்ளை, பேருக்குப் பக்கத்தில சிவப்புச் சிலுவை ஒண்டு வேணும் எண்டு கேட்டீங்கள் பாருங்கோ, அது மட்டும் என்ர கையால வராது. கோவிக்காதேங்கோ. உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்லை. நீங்கள் டொக்டர், சின்ன வயசு, சொந்தமா கிளினிக் திறக்கிறீங்கள், நல்லா இருக்கோணும்.

இருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ. அது இல்லை, அதில ஈரம். மற்றது. போர்டுக்கு அடிச்ச வெள்ளை காயுமட்டும் எழுத்துத் தொடங்க ஏலாது. அதுமட்டும் சொல்லுறன், கேளுங்கோ. கேட்டுப்போட்டு நான் செய்யிறது சரியோ பிழையோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ. இதுவரைக்கும் ஒருத்தரும் சரியெண்டு சொல்லேல்லை, அது வேற விசயம்.

அந்த ஃபோன் அடிக்கட்டும். அது தர்சிகா, என்ர மச்சான்ர மகள். விடியத் தொடக்கம் அடிக்கிறாள். எடுக்கமாட்டன்.

என்னை ஏமாத்தினது என்ர மச்சான். முதல்லயே சொல்லிப்போடுறன், பேந்து நீங்கள் கதையின்ர நடுவில ஆர் ஆர் எண்டு கேக்கக்கூடாது. புவனேந்திரன். என்ர மனுசி யோகமலருக்குக் கூடப்பிறந்த தம்பி. பெயின்ற் கடை வைச்சிருந்தவன். நான் போர்ட் எழுதுறவன், அவன் பெயின்ற் விக்கிறவன், நடுவில அவன்ர அக்கா. எவ்வளவு நல்லா இருந்தம் தெரியுமே? நான் கலியாணம் கட்டினதே அவனிட்டப் பெயின்ற் வாங்கப் போய்த்தான். அத்தான் அத்தான் எண்டு காலுக்குள்ள திரிவான். பதினாறு வருசமா அவன்ர முகத்தை நான் பாக்கேல்லை. பாக்கப்போறதும் இல்லை.

ஏன் எண்டு சொல்லுறன். அதுக்கு முதல் மற்றக் கதையைச் சொல்லோணும்.

தொண்ணூறாம் ஆண்டு, முந்தின சண்டைக் காலம். எங்கட ஊரில ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. சனம் முழுக்க அதுக்குள்ள. நர்ஸ் அம்மா ஒராள் வந்து சொன்னவ, கூரையில சிவப்புச் சிலுவை கீறிவிட்டால் மேல இருந்து பாக்கிறவன் அடிக்கமாட்டான், அது உலகச் சட்டம் எண்டு. எனக்குச் சட்டம் தெரியாது, கீறத் தெரியும். ஏறிட்டன். சுண்ணாம்பால வெள்ளை அடிச்சு, அதுக்கு மேல சிவப்பு. பாதி கீறேக்க ஹெலி வந்துட்டுது. இறங்க நேரமில்லை. தென்னை மட்டையளுக்கு மேலால வாறான், அவ்வளவு பதிவாப் பறந்து. காத்துக்கு நான் உடுத்திருந்த சாரம் தலைக்கு மேல போயிட்டுது. ஒரு கையால சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையில பிரஷ்ஷோட நான் நிமிந்து பாத்தன். அவன்ர முகத்தைக் கண்டனான். துவக்குக்காரன்ர முகத்தை. அவன் சிலுவையைப் பாத்தான், என்னைப் பாத்தான், கையைக் காட்டினான், போனான்.

கையைக் காட்டினவன் பிள்ளை. நான் பொய் சொல்லேல்லை.

இதைப் புவனனிட்டச் சொன்னால் அவன் சிரிப்பான். "அவனுக்குக் குண்டு முடிஞ்சுபோச்சு அத்தான். இல்லாட்டி உங்களையும் சேத்துச் சிவப்பாக்கியிருப்பான்" எண்டுவான். அப்ப அது பகிடி. அண்டைக்குப் பின்னேரமே அடுத்த ஊர்ச் சந்தையில சுட்டவங்கள்தான், சனம் செத்ததுதான். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அங்க சிலுவை இல்லை. கீறியிருந்தால் அடிச்சிருக்கமாட்டான்.

நான் என்ன சொல்லுறன் எண்டால், அந்தச் சண்டையில ஒரு முகம் இருந்தது. ராசாக்கள் காலத்தில பொழுதுபட்டால் சண்டையை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் காயக்காரரைத் தூக்குவினமாம். ஒளிச்சிருந்து அடிக்கிறது, முதுகில அடிக்கிறது எல்லாம் ஆம்பிளைக்கு அழகில்லையாம். எனக்குத் தெரியாது, நான் பாக்கேல்லை. நான் பாத்தது ஹெலிக்காரனை. அவன் மனுசன். கண்ணால கண்டான், விட்டுட்டுப் போனான். அண்டைக்குப் பிடிச்சது எனக்கு ஒரு நம்பிக்கை. மனுசர் கண்டுகொண்டு அடிக்கமாட்டினம். காணாமல்தான் அடிப்பினம். ஆனபடியால் காட்டிவிடோணும். பெரிசா, வடிவா, மேல இருந்து பாத்தாத் தெரியக்கூடியமாதிரிக் காட்டிவிடோணும். அது என்ர தொழில்தானே?

அதுக்குப் பிறகு எத்தினை கூரை கீறினன் எண்டு எனக்கே நினைவில்லை. பள்ளிக்கூடம், முன்பள்ளி, ஒரு கோயில் மடம். ஐயர் மட்டும் கொஞ்சம் யோசிச்சவர், பிள்ளையாருக்கு மேல சிலுவையோ எண்டு. இது வேதக்காரரின்ர சிலுவை இல்லை ஐயா, ஆசுபத்திரிச் சிலுவை எண்டு விளங்கப்படுத்தினனான். ஒண்டிலயும் குண்டு விழேல்லை. ஒண்டிலயும். "ஆர்ட்டிஸ்ட் அண்ணையின்ர சிலுவைக்குக் கீழ படுத்தால் நித்திரை வரும்" எண்டு சனம் சொல்லும். கேக்க எனக்குப் பெருமையாத்தான் இருக்கும், இல்லையெண்டு சொல்லமாட்டன்.

பிறகு கடைசிச் சண்டை. உங்களுக்கு அப்ப என்ன வயசு இருக்கும்? பள்ளிக்கூடம் போயிருப்பீங்கள். சரி. ஒவ்வொரு ஊரா விட்டு விட்டு ஓடி, கடைசியா ஒரு கடலேரிக் கரையில வந்து நிண்டம். அங்க ஒரு பள்ளிக்கூடம். அதுதான் ஆசுபத்திரி. வகுப்பறைக்குள்ள காயக்காரர், மேசை சத்திரசிகிச்சைக் கட்டில். அங்க இருந்த பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினவர். அவருக்கு நித்திரை இல்லாமல் கண் ரெண்டும் கோவைப்பழம். "அண்ணை, இந்த இடத்தின்ர நம்பரை நான் ஃபோனில அங்கால ஆமிப் பக்கம் குடுத்திட்டன். பூமியில இந்த இடம் எங்க இருக்கு எண்டு சொல்லுற நம்பர். இதுக்கு அடிக்கக்கூடாது எண்டு அவைக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் சிலுவையையும் கீறிவிடுங்கோ" எண்டார். நம்பர் எதுக்கு டொக்டர், என்ர சிலுவை காணும் எண்டனான். அவர் சிரிக்கேல்லை.

பெயின்ற்றுக்கு எங்க போறது? அரிசியே இல்லை. இந்தப் புவனன் இருக்கிறானே, எல்லாரும் உழவு மிசினில நெல்லுமூட்டையும் பாயும் ஏத்தேக்க, இவன் பெயின்ற் ரின் ஏத்தினவன். கடைக்காரன் புத்தி. வழியில எல்லாத்தையும் எறிஞ்சு எறிஞ்சு வந்து, கடைசியா அவனிட்ட மிஞ்சினது சிவப்பில அரை ரின். கேட்டவுடன தந்தவன், அது உண்மை. காசு வாங்கேல்லை, அதுவும் உண்மை. தானே கலக்கிக்கொண்டு வந்து தந்தவன். ஏணியைப் பிடிச்சுக்கொண்டு கீழ நிண்டதும் அவன்தான்.

நான் கூரைக்கு ஏறிச் சுண்ணாம்பு அடிச்சு, காயவிட்டு, சிவப்பை வைச்சன். நல்ல பெரிய சிலுவை. நட்டுக்கு நிக்கிற கோடு முடிஞ்சுது, இடக்கை முடிஞ்சுது, வலக்கையில ஒரு சாண் இருக்கேக்க ரின் வெறுமை. வழிச்சு வழிச்சுப் பாத்தும் காணேல்லை. வலக்கை ஒரு சாண் கட்டை. கீழ நிண்டு பாக்கிறவைக்கு ஒண்டும் தெரியாது, மேல ஏறினவனுக்குத்தான் தெரியும். புவனனுக்கு மட்டும் சொன்னனான். "விடுங்கோ அத்தான், மேல இருந்து பாக்கிறவன் என்ன அடிமட்டம் வைச்சே பாக்கப்போறான்" எண்டான்.

யோகமலர் பங்கருக்குள்ள கிடந்தவள். பங்கர் எண்டால், மணலில ஒரு குழி, மேல ரெண்டு பனங்குத்தி. அடியில தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். அவளுக்கு மூச்சிழுப்பு வேற. நான்தான் சொன்னனான், போய் ஆசுபத்திரி விறாந்தையில படு, அங்க காய்ஞ்ச நிலம், மேல என்ர சிலுவை இருக்கு எண்டு. அவள் என்ன சொன்னவள் தெரியுமே? "பங்கரில தண்ணி எண்டாலும் மேல மண் இருக்கு. உங்கட பெயின்ற்றுக்குக் கீழ என்ன இருக்கு?" எண்டாள். எனக்குச் சரியான கோவம் வந்துட்டுது. இருபத்தைஞ்சு வருசம் என்னோட குடும்பம் நடத்தினவள் கேக்கிற கேள்வியே அது? ஏசினன். போனவள். நான் சொன்னால் கேப்பாள்.

அதில என்ன பிழை? சிலுவை இருக்கு, நம்பரும் குடுத்திருக்கு. ஆரெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பினம்.

எங்கட ஆக்களும் என்ன சுத்தமோ எண்டு கேட்டீங்கள் எண்டால், நான் மறைக்கமாட்டன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பனை வடலிக்குள்ள இயக்கப் பொடியள் குண்டு அடிக்கிற மோட்டார் ஒண்டைக் கொண்டுவந்து வைச்சவங்கள். டொக்டர் போய்க் கெஞ்சினவர். ஓம் ஓம் எண்டு எடுத்தவங்கள், அடுத்தநாள் திரும்பக் கொண்டுவந்தவங்கள். நானும் போய்க் கேட்டனான். மீசை சரியா முளைக்காத ஒருத்தன் எனக்குச் சொல்லுறான், "ஐயா, உங்கட சிலுவைக்குப் பக்கத்தில இருந்தால்தான் எங்களுக்கும் பாதுகாப்பு" எண்டு. அங்கால இருந்து ஒருத்தன் சிலுவையைப் பாக்கிறான் இல்லை, இஞ்ச ஒருத்தன் சிலுவைக்குப் பின்னால ஒளிக்கிறான். நடுவில நாங்கள். பிறகு அந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள். அடி விழேக்க அது அங்க இல்லை. அதையும் நான் சொல்லத்தான் வேணும்.

வண்டு எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். ஆளில்லாத பிளேன். கீ எண்டு ஒரு சத்தம், நாள் முழுக்கச் சுத்தும். அது வந்தால் சனம் ஓடும். புவனன் குழிக்குள்ள தலையை விட்டுடுவான். நான் மட்டும் முற்றத்தில நிப்பன். பாக்கட்டும், வடிவாப் பாக்கட்டும், சுத்திச் சுத்திப் பாக்கட்டும் எண்டு நிண்டனான். எனக்குச் சந்தோசம் பிள்ளை. உண்மையாச் சொல்லுறன். அவ்வளவு பெரிய சிலுவையை அவ்வளவு நேரம் பாத்த ஒருத்தன் அதுக்குமுதல் இல்லை.

பிறகு ஒரு காலமை அடிச்சாங்கள்.

நான் கஞ்சிக்கு வரிசையில நிண்டனான். அதை அதிகம் கதைக்கமாட்டன். விறாந்தை இருந்த இடத்தில விறாந்தை இல்லை. அவள்ர சீலையை வைச்சுத்தான் அவள் எண்டு தெரிஞ்சது. நீங்கள் டொக்டர், உங்களுக்கு விளங்கும்.

வேம்புக்குக் கீழ தாட்டம். நானும் புவனனும்தான் வெட்டினது. மண்ணைப் போடேக்க அவன் சொல்லுறான், "அத்தான், நான் மண்ணெண்ணை கூடக் கலந்துபோட்டன். அரை ரின் காணாது எண்டு, நிரவட்டும் எண்டு கலந்தனான். அதுதான் நிறம் எடுபடேல்லைப் போல." விம்மி விம்மிச் சொன்னவன். எனக்கு அப்பத்தான் எல்லாம் விளங்கிச்சுது. அண்டைக்கு முகில் இல்லை, புகை இல்லை, நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில சிலுவை தெரியேல்லை எண்டால் பெயின்ற்தானே பிழை? வேற என்ன பிழை? கையில இருந்த மண்ணை அவன்ர முகத்தில எறிஞ்சன். "உன்ர அக்காவைச் சாகடிச்சது நீ" எண்டன். நிமிந்து பாத்தவன்.

போ, விறாந்தையில படு எண்டு அவளை அனுப்பினது நான் எண்டு அவனுக்குத் தெரியும். பக்கத்தில நிண்டவன். அதைப் பற்றி ஒரு சொல்லு, பதினாறு வருசத்தில ஒரு சொல்லு, அவன் ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை. ஏன் கதைக்கேல்லை எண்டு எனக்கு விளங்கிறதே இல்லை.

சண்டை முடிஞ்சு அகதி முகாமில, அவைக்குப் பக்கத்து வரிசைக் கூடாரம் எனக்கு. தர்சிகா அப்ப சின்னப்பிள்ளை. கோப்பையில கஞ்சி கொண்டுவருவாள், "அப்பா தந்துவிட்டவர் மாமா" எண்டு. திருப்பி அனுப்பிப்போடுவன். பிள்ளை பாவம், ஒரு நாள் நடுவழியில நிண்டு தானே குடிச்சிட்டுப் போனவள். வெளியில வந்து அவன் கிளிநொச்சியில, நான் இஞ்ச வவுனியாவில. கடை திறந்தான், என்னை அழைச்சவன், போகேல்லை. வீடு குடிபூந்தான், போகேல்லை. ஒருநாள் கடை வாசலில வந்து நிண்டவன், இந்தா இந்த வாசலில. உள்ளுக்க இருந்து ஏசினன். ரோட்டால போன சனம் நிண்டு பாத்தது. கேட்டுக்கொண்டு நிண்டுபோட்டுப் போனான்.

இப்ப ஈரல் பழுதாம். ஆசுபத்திரியில வீட்டை கொண்டுபோகச் சொல்லிப்போட்டினம். அதுதான் தர்சிகா அடிச்சுக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒருக்கா எடுத்திட்டன், தெரியாத நம்பர் எண்டு. "மாமா, அப்பாவுக்கு வேற ஒண்டும் வேண்டாம். அத்தான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுறதை ஒருக்காக் கேக்கோணுமாம். வாங்கோ மாமா. வர மனமில்லாட்டி ஃபோனிலயாவது சொல்லுங்கோ" எண்டாள். வைச்சிட்டன்.

உங்களுக்கு நான் கல்நெஞ்சன் மாதிரித் தெரியுது என்ன? பொறுங்கோ. இன்னும் ஒண்டு இருக்கு. அதைத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

போன மாசம் ஒருத்தன் லொறிக்குப் பேர் எழுத வந்தவன். சிங்கள ஆள், அனுராதபுரம் பக்கம். நாப்பது வயசு இருக்கும். நல்ல மரியாதை. பேர் சொல்லேல்லை, நான் கேக்கவும் இல்லை. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், போர்ட் எழுதி எழுதி வந்தது. வேலை செய்யேக்க பக்கத்தில நிண்டு பாத்தான். எங்க பழகினது ஐயா எண்டு கேட்டான். நான் கூரையே கீறினவன் தம்பி எண்டு ஒரு பகிடிக்குச் சொன்னன். என்ன கூரை எண்டான். சொன்னன். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எண்டதையும் சொன்னன். பிறகு கேக்கிறான், "அந்தச் சிலுவைக்கு ஒரு கை கட்டையோ?"

நான் எழுதுறதை நிப்பாட்டிட்டன் பிள்ளை. அது தெரிஞ்சது உலகத்தில ரெண்டு பேருக்கு. எனக்கும் புவனனுக்கும்.

அவன் படையில இருந்தவனாம். சண்டைக்குப் போகேல்லையாம், துவக்கே தூக்கேல்லையாம். ஒரு அறை, குளிர் மிசின், முன்னால ரீவி. வண்டு அனுப்புற படத்தைப் பாக்கிறதுதான் வேலை. பாத்து, எங்க என்ன இருக்கு எண்டு சொல்லுறது. "சிலுவை இருக்கு எண்டு நான் சொன்னனான் ஐயா. நல்ல வடிவாத் தெரிஞ்சது. ஒரு கை கட்டை எண்டுகூடச் சொன்னனான். எங்களுக்குத் தெரியும், நீ நம்பரை மட்டும் வாசி எண்டு மேலதிகாரியள் சொன்னவை. வாசிச்சன். நான் ஒருத்தரையும் சுடேல்லை ஐயா. நான் பாத்தது மட்டும்தான்" எண்டான். அடிச்சவன் ஆர் எண்டு கேட்டன். அவனுக்குத் தெரியாதாம். அவங்கள் எங்கயோ மைல்கணக்கில தள்ளி இருப்பாங்களாம். அவங்களுக்குப் படம் இல்லை, நம்பர் மட்டும்தானாம். பள்ளிக்கூடமோ பனங்காணியோ எண்டு அவங்களுக்குத் தெரியாதாம்.

அந்த நம்பர் எது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அடிக்காதேங்கோ எண்டு நாங்களே குடுத்த நம்பரோ, வேறயோ. நான் கேக்கேல்லை.

போகேக்க என்ர காலைத் தொடக் குனிஞ்சவன். நான் விலகிட்டன். வடிவா இருந்தது ஐயா, அப்பிடி நேரான கோடு நான் கண்டதில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனான். என்ர வேலையை இவ்வளவு காலத்தில அப்பிடிக் கவனிச்சுப் பாத்த ஒரே ஆள் அவன்தான்.

ஆனா நான் நம்பேல்லை. ஏன் நம்போணும்? அவன் பாத்தது ரீவியில. ரீவியில நிறத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மங்கலையும் சிவப்பாக் காட்டும். எங்கட வீட்டு ரீவியில எல்லாருக்கும் முகம் பச்சை. அங்க உண்மையில மங்கலாத்தான் இருந்திருக்கும். மண்ணெண்ணை கலந்தவன் தன்ர வாயாலயே சொன்னவனே? பேந்தென்ன. அவங்களுக்குச் சரியாத் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தால் அடிச்சிருக்கமாட்டாங்கள். ஹெலிக்காரன் கையைக் காட்டினவன் எல்லே.

அந்த மூலையில, ஏணிக்குப் பின்னால, உரப்பையால சுத்தி ஒண்டு இருக்கு, தெரியுதோ? அது அந்தக் கூரை. மீளக் குடியேற விட்டபிறகு போய்ப் பாத்தனான். உடைஞ்ச கூரைச் சீற்றெல்லாம் கிணத்தடியில குவிச்சுக் கிடந்தது. அதுக்குள்ள ஒரு துண்டு, சேறு அப்பி, ஓரத்தில நிறம் இருக்கிறமாதிரி. தூக்கிக்கொண்டு வந்திட்டன். புவனன்ர முன்னால கழுவிக் காட்டோணும், பார் உன்ர பெயின்ற் எப்பிடி வெளுத்திருக்கு எண்டு காட்டோணும் எண்டுதான் கொண்டுவந்தது. இன்னும் கழுவேல்லை. நேரம் வரேல்லை.

பிள்ளை, நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்வீங்களே? அதை எடுத்து, இந்தா ஈரத்துணி, ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ. நான் இஞ்சால ரோட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறன். மங்கலா இருந்தால் சொல்லுங்கோ. அப்ப அவன் கேக்கிற மன்னிப்பைக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு நான் யோசிக்கலாம்.

கவனம், விளிம்பு வெட்டும்.

என்ன? றோஸ் மாதிரித்தானே இருக்கும்? மண்ணெண்ணை கலந்தால் அப்பிடித்தான் வரும். வெயிலுக்கு வெளுத்துப்போகும். ரெண்டு மாரி வேற நனைஞ்சது.

துடைக்கிற சத்தம் நிண்டிட்டுது.

நீங்கள் டொக்டர்மார் நோயாளிக்கு முகத்துக்கு நேர எல்லாத்தையும் சொல்லுறேல்லைத்தானே. ஒண்டை மாத்திச் சொல்லுறனீங்கள்தானே. எனக்கும் அப்பிடி ஒண்டைச் சொல்லுங்கோ. மங்கிப்போச்சு ஐயா எண்டு சொல்லுங்கோ. நான் திரும்பிப் பாக்கமாட்டன்.

சரி. காட்டுங்கோ.

நல்ல சிவப்பு.

மண்ணெண்ணை கலந்தும் இப்பிடி நிண்டிருக்கு. பாருங்கோ, இது என்ர பிரஷ் போன போக்கு, இந்த விளிம்பு. இது வலக்கைத் துண்டு. இந்தா, இதோட முடியுது, இஞ்சால வெறும் வெள்ளை. இதைத் தெரியேல்லை எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. குருடனும் சொல்லமாட்டான்.

அப்ப கண்டவங்கள்.

வண்டைச் சுத்தவிட்டு, வடிவாப் பாத்து, ஒரு கை கட்டை எண்டதையும் பாத்துப்போட்டு அடிச்சவங்கள். நான் முற்றத்தில நிண்டு பாக்கட்டும் பாக்கட்டும் எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். என்னையும் பாத்திருப்பாங்கள்.

இனி நான் என்ன செய்யிறது பிள்ளை? மச்சான் எண்டால் ஏசலாம். அவனுக்கு ஒரு வாசல் இருக்கு, ஒரு முகம் இருக்கு, மண்ணை எறியலாம், கஞ்சியைத் திருப்பி அனுப்பலாம். இவங்களில ஆரின்ர வாசலில போய் நிக்கிறது? பாத்தவன் நான் சுடேல்லை எண்டுறான். சுட்டவன் நான் பாக்கேல்லை எண்டுவான். மேல இருந்தவன் ஆர் எண்டே தெரியாது. ஒருத்தனும் கொல்லேல்லை, என்ர மனுசி மட்டும் செத்துக் கிடக்கிறாள். சிலுவை எண்டால் அடிக்கமாட்டினம் எண்டு எனக்குச் சொல்லித் தந்தவை எல்லாரும் எங்க? அந்தச் சட்டத்தை எழுதினவை எங்க? நம்பித்தானே கீறினன். நம்பித்தானே அவளை ஏசி அனுப்பினன்.

புவனனிட்டப் போய் என்ன சொல்லுறது? உன்ர பெயின்ற் நல்லதடா எண்டு சொல்லலாம். சொன்னால் விடுவானே? அப்ப அக்கா ஏன் செத்தவள் எண்டு கேப்பான். கண்டுகொண்டுதான் அடிச்சவங்கள் எண்டு சொல்லுறதோ, மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு? தன்ர கைப்பிழை எண்டு நினைச்சு நினைச்சு இவ்வளவு காலம் கிடந்தவன். கைப்பிழை எண்டால் மன்னிக்கலாம். மற்றதை ஆர் மன்னிக்கிறது?

திரும்ப அடிக்குது. அவள்தான்.

அந்த ஃபோனை எடுத்து, சத்தம் வெளியில கேக்கிறமாதிரிப் போட்டுப் பிடியுங்கோ. என்ர கையில பெயின்ற்.

ஓம் தர்சிகா. ஓம், மாமாதான். அழாதை. அப்பா முழிப்போ? காதுக்குள்ள பிடி. பிடிச்சிட்டியே?

புவனா. அத்தான் கதைக்கிறன். ஓம். ஓம், நான்தான். கதைக்காதை, நீ கேள். ஓமடா, நீ கூடத்தான் கலந்துபோட்டாய். அதாலதான் அவங்களுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தால் அடிச்சிருக்கமாட்டாங்கள். அக்காவுக்காகத்தான் நிரவக் கலந்தாய், எனக்குத் தெரியும். மன்னிச்சிட்டன். மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுறன் எல்லே. நித்திரை கொள்ளு.

வைச்சிட்டாள்.

கேட்டதே பிள்ளை, கடைசியில அவன் விட்ட மூச்சு? நல்லா ஆறிட்டான். என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ. அந்தத் துண்டைப் பழையபடி உரப்பையால சுத்தி, சிவப்பு சுவர்ப் பக்கம் பாக்கிறமாதிரி வைச்சுவிடுங்கோ.

வெள்ளையும் காஞ்சிட்டுது. வாங்கோ, பேரை மட்டும் எழுதுவம்.